மதுரையில் ஏசி கசிவைச் சரிபார்க்க நல்ல மெக்கானிக் வேண்டும்

வணக்கம். அம்மா வீட்டு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியில் காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. சென்ற கோடையில்தான் கேஸ் நிரப்பினோம். இப்போது வந்தவரும் அதையே செய்யச் சொல்கிறார். ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லையே! மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருப்பது குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். அதை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது வீண் செலவு.

வெளி யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறது. சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொன்னேன். நேரமில்லை என்று கிளம்பிவிட்டார்.

நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடித்து, வேக்குவம் போட்டுக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, ஆர்32 என்ற குளிரூட்டும் கேஸை எடைபார்த்து நிரப்பும் மெக்கானிக் யாரையாவது அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் தெரியுமா? ஆர்32 தீப்பற்றக்கூடியது என்பதால் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். உங்களுக்கு மொத்தம் எவ்வளவு செலவானது? கசிவு காயிலில் (சுருள் குழாயில்) இருந்தால் பற்றவைத்து அடைத்தது நிலைக்கிறதா, காயிலையே மாற்றிவிடுவது மேலா?

அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்த வெயிலில் இரவெல்லாம் தூங்காமல் தவிக்கிறார். தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள்.