அம்மம்மாவின் மூடல்பெட்டி: சாயம் கசியாமல் ஓலையை இளக்குவது எப்படி?

அம்மம்மா இழைத்ததில் மிஞ்சியது இந்த மூடல்பெட்டி மட்டும்தான். இடம் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான். 1980களில் சார்வோலையில், அதாவது பனையின் இளம் ஓலையில், மூடியோடு இழைத்த பெட்டி. சிவப்பும் ஊதாவும் சாயம் அவித்த ஓலை.

மார்கழி மழையோடு அடியில் பூஞ்சணம் பிடித்தது. நிழலில் காயவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டியதில் அது போய்விட்டது. ஆனால் ஈரத்துணி பட்ட இடத்தில் சிவப்பு கசிந்து வெள்ளோலையில் ஏறியது, அதோடு நிறுத்தியாச்சு. பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி வைத்ததில் ஓலை அளவுக்கு மிஞ்சிக் காய்ந்து, மூடியின் விளிம்பு மடிப்பில் வெடிக்கிறது. வெயிலில் வைத்தால் சாயம் வெளிறும். எண்ணெய் பூசினால் தூசி ஒட்டி ஓலை கறுக்கும், அதனால் இரண்டையும் செய்யவில்லை.

விளிம்புக்குப் புதுச் சார்வோலை வார்ந்து வைத்திருக்கிறோம். பழையது இளகாமல் கோத்தால் பக்கத்து இழையும் உடையும்.

தண்ணீர் நேரே படாமல், சாயமும் கசியாமல் அந்தப் பழைய விளிம்பை எப்படி இளக வைக்கலாம்?