புதுப்பிப்பு: கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃபில் எங்கள் லைன் வீடு கிடைத்துவிட்டது

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியதும் ஊரைவிட்டு வந்தோம். நான் பிறந்த லைன் வீட்டை (சுரங்கத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று) எப்படிக் கண்டுபிடிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

போன ஞாயிறு அம்மாவோடு பெங்களூரிலிருந்து ரயிலேறி, கடைசி ஸ்டேஷனான மாரிக்குப்பத்தில் இறங்கினேன். முதலில் லைன் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம், இளைஞர்களுக்குத் தெரியவில்லை. வரைபடமும் உதவவில்லை. "வீட்டைத் தேடாதீங்க, தெருக்குழாயைத் தேடுங்க" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தாரே, அதுதான் பலித்தது. சயனைடு மேட்டை (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்மேடு) இடப்பக்கம் வைத்து நடந்தோம். குழாயில் தண்ணீர் இல்லை. ஆனால் குடம் வைத்து வைத்துத் தேய்ந்த கல் அப்படியே இருக்கிறது. அம்மா அந்தக் குழியில் கை வைத்துப் பார்த்தார். அங்கிருந்து ஐந்தாவது கதவு எங்களுடையது.

எதிர்பாராத ஒன்று: மூங்கில் தட்டிச் சுவர் போய் செங்கல் வந்துவிட்டது, ஆனாலும் அப்பா நட்ட முருங்கை நிற்கிறது. இப்போது குடியிருக்கும் அக்கா ஒரு கட்டுக் கீரை பறித்துக் கொடுத்தார்.

தேடிப் போகிறவர்கள் காலை ரயிலிலேயே போங்கள். பெரியவர்கள் அப்போதுதான் டீக்கடையில் இருப்பார்கள். லைன் பெயரோடு அப்பா வேலைக்கு இறங்கிய ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) பெயரையும் சொல்லுங்கள்.