கலைச்சொல் வேண்டல்: இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ், பல்மனரி பைப்ரோசிஸ்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தலைப்பில் உள்ள இரண்டு நுரையீரல் நோய்ப் பெயர்களுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த பரிந்துரைகளை மேற்கோளாக இட்டு, ஒவ்வொன்றின் கீழும் என் கருத்தைச் சொல்கிறேன்.

> 'நுரையீரல் இடைவெளி நோய்' போதுமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் படிப்பவர் நுரையீரலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றல்லவா நினைப்பார்? காற்று நுண்ணறைக்கும் அதை ஒட்டி ஓடும் தந்துகி என்ற நுண்ணிய ரத்தக்குழாய்க்கும் நடுவே மெல்லிய திசு இருக்கிறது. ஆக்சிஜன் அதைக் கடந்துதான் ரத்தத்தில் சேர வேண்டும். அது அழற்சியால் வீங்குவதும் தழும்பேறித் தடிப்பதும்தான் இங்கே நோய். எனவே 'நுரையீரல் இடைத்திசு நோய்' என்று முன்மொழிகிறேன்.

> பைப்ரோசிஸ் என்பதற்கு 'நார்மை' அல்லது 'சுருக்கம்'?

இரண்டும் வேண்டாம். நார்ச்சத்து என்று பிஸ்கட் பொட்டலத்தில்கூட அச்சிடுகிறார்கள். நார் என்றாலே நல்லது என்று பழகிவிட்டோம். 'சுருக்கம்' என்றால் ஆஸ்துமாவோடு குழம்பும். ஆஸ்துமாவில் சுருங்கிய மூச்சுக்குழாய் இன்ஹேலர் மருந்துக்கு விரிந்துகொடுக்கும். இங்கே அது நடக்காது. பிர்பெனிடோன், நின்டெடானிப் ஆகிய இரண்டு மருந்துகளும் நோயின் வேகத்தைக் குறைக்குமே தவிர, விழுந்த தழும்பை எடுக்காது. தழும்பு மறையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே 'நுரையீரல் தழும்பேற்றம்'.

இந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எல்லா இடைத்திசு நோயும் தழும்பில் முடிவதில்லை. புறா எச்சத்தின் தூசு, பூஞ்சை பிடித்த வைக்கோல், கழுவாத ஏர்கூலர் ஆகியவற்றால் வரும் 'மிகையுணர்வு நுரையீரல் அழற்சி'யைத் தொடக்கத்திலேயே கண்டு, காரணத்தை விலக்கினால் பலருக்குத் தேறிவிடும். 2017இல் வெளியான இந்திய இடைத்திசு நோயாளிப் பதிவேட்டில் 1,084 பேரில் ஏறத்தாழ 47 சதவீதத்தினருக்கு இருந்தது இந்த வகைதான். அவர்களிடம் முதல் நாளே 'தழும்பு' என்று சொல்லிவிட்டால் நம்பிக்கை போய்விடும்.

இடைத்திசு நோயின் மற்ற காரணங்களுக்குப் புதுச்சொல் தேவைப்படாது: கல்லுடைக்கும் இடத்துச் சிலிக்கா தூசு, ஆஸ்பெஸ்டாஸ், முடக்குவாதம், கதிர்வீச்சு சிகிச்சை, அமியோடரோன், பிளியோமைசின் போன்ற மருந்துகள்.

> இடியோபதிக் = தான்தோன்றி

'இடியோபதிக் பல்மனரி பைப்ரோசிஸ்' என்ற வகைக்கு இதை ஏற்க மனம் வரவில்லை. தான்தோன்றி என்றால் காரணமே இல்லை என்றாகிவிடும். காரணம் நமக்குப் பிடிபடவில்லை, அவ்வளவே. புகைப்பழக்கம் இந்த நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது தெரிந்ததுதான். 'காரணமறியா நுரையீரல் தழும்பேற்றம்' நீளம், ஆனால் உண்மை. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருவது. "மாடி ஏறினா மூச்சு வாங்குது, வறட்டு இருமல், சளியே வரல" என்பார்கள். சிலருக்கு விரல்நுனி பருத்திருக்கும். எக்ஸ்ரே படத்தில் நிழலைப் பார்த்துக் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை தின்றவர்களும் உண்டு. அதனால்தான் நோயாளி கையில் கொடுக்கும் தாளில் சரியான பெயர் இருக்க வேண்டும் என்கிறேன்.

சிடி ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதி ஓரங்களில் அடுக்கடுக்காகத் தெரியும் சிறு குழிகளுக்குத் 'தேன்கூட்டுத் தோற்றம்' சரியாகவே இருக்கிறது.

மீதி ஒன்று. முதுகின் கீழ்ப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், இழுப்பின் கடைசியில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போல ஓர் ஒலி கேட்கும். அதற்கு 'வெடிப்பொலி' என்பது மிகையாகத் தோன்றுகிறது. 'நொறுங்கொலி' எப்படி? மருத்துவ நண்பர்கள் சொல்லுங்கள்.