வரலாற்றுக் கட்டுரையில் 'வாதம்' என்றால் என்ன?

கேள்வி (பி.ஏ. முதலாண்டு மாணவன்):
வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். பள்ளியில் எழுதியதுபோல முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று கொடுத்தேன். 'தகவல் இருக்கிறது, வாதம் எங்கே?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில் (ஓய்வுபெற்ற விரிவுரையாளர்):
தம்பி, 'பாரதம் பழம்பெரும் நாடு' என்று தொடங்கியிருப்பாய். முதலில் அதை அடி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார் என்பது தகவல், யாரும் மறுக்கப்போவதில்லை. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். 'இந்த நடையை ஊர்மக்களின் போராட்டமாக்கியதே அந்தத் தடைதான்' என்று எழுதிப் பார். இதை ஒருவர் மறுக்கலாம் இல்லையா? அதுதான் வாதம். அப்புறம் ஒவ்வொரு பத்தியும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டு. முடிவுரையில் 'ஜெய்ஹிந்த்' வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

பதில் (முதுகலை மாணவி):
ஐயா சொன்னதோடு, எதிர்த்தரப்பையும் நீயே எழுதிவிடு. தடைக்கு முன்பே வழியில் ஆதரவு இருந்ததே என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பத்தி ஒதுக்கு.

மாணவன்:
சரி ஐயா. தண்டி யாத்திரை பற்றி இரண்டு பக்கம் இருக்கிறதே, அதையும் எடுத்துவிடவா?

விரிவுரையாளர்:
இரண்டு வரி போதும்.