வேண்டுதல் கலந்த உபவாசம் மாய்மாலமாகுமா?

கேள்வி – யாங்கோன் வாசகர்
ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஏசாயா 58ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்திருந்த என் தாயார் அதைக் கேட்டுக் கலங்கிப்போனார். தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதலும், சபையார் குறை சொல்லக் கூடாது என்ற எண்ணமும் தம் உபவாசத்தில் கலந்திருப்பதால், கர்த்தர் அதைத் தள்ளிவிடுவாரோ என்று கேட்கிறார். தீர்க்கதரிசிகள் கண்டித்தது இதைத்தானா?

மறுமொழி – மோல்மேன் வாசகர்
தாயாரைத் தேற்றுங்கள், சகோதரரே. உபவாச நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிந்து, வழக்காடி, கைகலந்தவர்களைத்தான் அந்த அதிகாரம் குற்றஞ்சாட்டுகிறது. பிள்ளை வேண்டிப் பொருத்தனை (நேர்ச்சை) செய்த அன்னாளின் கண்ணீரில் சக்களத்தியின் ஏச்சும் அவமானமும் கலந்தே இருந்தன. ஆனாலும் அவள் விண்ணப்பம் கேட்கப்பட்டது. உண்ண அப்பமும் உடுக்க வஸ்திரமும் தந்தால் கர்த்தர் எனக்குத் தேவனாயிருப்பார் என்று பெத்தேலில் பேரம் பேசுவதுபோலப் பொருத்தனை செய்த யாக்கோபையும் அங்கே யாரும் கண்டிக்கவில்லை.

மறுமொழி – தட்டோன் வாசகர்
ஏற்கிறேன் ஐயா, ஆனால் நோக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. நாபோத் என்பவனின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்க ஆகாப் ராஜாவின் மனைவி யேசபேல் முதலில் செய்தது உபவாசம் கூறச்செய்ததுதான்: ஆகாபின் முத்திரையிட்ட நிருபங்கள், ஜனத்தின் முன்னே நாபோத்துக்கு இடம், எதிரே இரண்டு பொய்ச்சாட்சிகள், பின்பு கல்லெறி. தாவீது ராஜாவின் மகன் அப்சலோமும் பொருத்தனையைச் சாக்கிட்டே எப்ரோனுக்குப் போய்த் தகப்பனுக்கு விரோதமாகக் கலகம் மூட்டினான். கூடப்போன 200 பேர் ஒன்றும் அறியாதவர்கள். இவை முழு வஞ்சகம். உங்கள் தாயாரின் கேள்விக்கு நெருங்கி வருபவன், கர்த்தரின் கட்டளையை மீறி ராஜ்யத்தை இழந்த சவுல் ராஜாதான் என்று நினைக்கிறேன். தீர்க்கதரிசியாகிய சாமுவேலிடம் பாவஞ்செய்தேன் என்று சொன்ன கையோடு, மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் கெஞ்சுகிறான். ராஜ்யம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் சாமுவேல் அவனோடு திரும்பிப் போனார், அவன் கர்த்தரைத் தொழுதுகொண்டான்.

மறுமொழி – யாங்கோன், மற்றொரு வாசகர்
சகரியா 7ஆம் அதிகாரத்தையும் தாயாருக்கு வாசித்துக் காட்டுங்கள். தரியு ராஜாவின் 4ஆம் ஆண்டில், எருசலேம் ஆலயம் அழிந்ததை எண்ணித் துக்கித்த 5ஆம் மாத உபவாசத்தைத் தொடர வேண்டுமா என்று சிலர் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். எனக்கென்றுதானா உபவாசித்தீர்கள் என்று கடிந்துகேட்ட கர்த்தர், அதை நிறுத்தும்படி கட்டளையிடவில்லை. விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் பரதேசியையும் ஒடுக்காதிருக்கச் சொன்னார். அடுத்த அதிகாரத்திலோ, அதே உபவாச நாட்கள் மகிழ்ச்சிப் பண்டிகைகளாகும் என்ற வாக்குத்தத்தம் இருக்கிறது. ஆகவே தாயார் வரும் வெள்ளியும் தம்பிக்காக வேண்டி உபவாசிக்கட்டும். அன்று மிஞ்சும் அரிசியைத் தெருவில் தேவைப்படும் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.