திருவெம்பாவைக்கு விடியப்புறம் பிள்ளைகளை அனுப்புவது: எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இணுவில் தாய்:
வணக்கம். என் மகனுக்குப் பத்து வயது. இந்த மார்கழியில் ஒழுங்கைப் பிள்ளைகளோடு திருவெம்பாவை பாடப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சங்கு அவனுக்கு நன்றாக ஊத வருகிறது என்று பெரிய பையன்கள் சொல்லிவிட்டார்கள். மறிக்க எனக்கும் மனமில்லை. ஆனால் நான்கு மணி இருட்டு. குழுவில் மூத்தவனே சாதாரண தரப் பரீட்சை எழுதும் பையன். வீடு வீடாகப் பாடி, காங்கேசன்துறை வீதியையும் ரயில் பாதையையும் கடந்து கோயிலுக்கு வருவார்கள். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேமக்கலம்:
தங்கச்சி, கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் பெரியவர் துணையோடு மட்டும் அனுப்புங்கள். சாதாரண தரப் பையனும் பிள்ளைதான். எங்கள் ஊரில் தகப்பன்மார் இருவர் போகிறோம், ஒருவர் முன்னுக்கு, ஒருவர் கடைசியில். கடைசியில் வருபவர்தான் முக்கியம். செருப்பு வார் அறுந்து ஒரு பிள்ளை குனிந்தால் போதும், மற்றவர்கள் அடுத்த முடக்கைத் தாண்டிவிடுவார்கள். சேமக்கலத் தட்டை அடிக்கும் சத்தத்தில் அவன் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது.

அதே சத்தம்தான் புகையிரதக் கடவையில் ஆபத்து. காவலாளி இல்லாத கடவைகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. சங்கு, சேமக்கலம், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்தி, எல்லோரும் வாய்மூடி நின்று இரண்டு பக்கமும் கேட்ட பிறகே தண்டவாளத்தில் கால் வைக்கவேண்டும். இந்த நேரத்தில் ரயில் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது, ரயில் பிந்தியும் வரும்.

பெரிய வீதியில் அந்த நேரம் மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி ஏற்றிய வாகனங்கள் விரையும். பனிமூட்டம் வேறு. வெள்ளை வேட்டி தூரத்திலேயே தெரியும். அதன்மேல் குளிருக்கென்று கறுப்பு ஜம்பரைப் போட்டுவிட்டால் பாதிப் பிள்ளை மறைந்துவிடும். முதுகில் ஒளிதெறிக்கும் பட்டி ஒன்று தைத்துவிடுங்கள்.

குறுக்குவழி என்று தோட்டங்களுக்குள் இறங்க விடவே வேண்டாம். மாரிப் புல் வளர்ந்து, கட்டில்லாத கிணற்றின் விளிம்பை மூடியிருக்கும். பகலிலேயே எனக்கு அந்த இடங்களில் கால் கூசும்.

விடுதித் தாதி:
செருப்பில்லாமல் நடப்பது பக்தி என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். மாரிகாலத்தில் புடையன் பாம்பு ஒழுங்கைக்கே வந்து கிடக்கும். கோயில் வாசலில் கழற்றினால் போதும். ஒவ்வொருவர் கையிலும் டோர்ச் இருக்கட்டும்.

நாய் வந்தால் ஓடக்கூடாது என்பதை வீட்டு முற்றத்திலேயே பழக்குங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். சிறிய கீறல் என்று விட்டுவிட வேண்டாம், விசர்நாய்க்கடி நோய் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990. துணைக்குப் போகிறவரின் தொலைபேசியில் அது இருக்கட்டும்.

கச்சான் ஒவ்வாத பிள்ளை குழுவில் இருந்தால் துணைக்குப் போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தேநீரோடு கச்சான் அல்வாவை நீட்டுகிறவர்கள் அன்பில்தான் நீட்டுகிறார்கள், அவர்களுக்குத் தெரியாது.

ஸ்காபரோ மாமா:
இங்கே கனடாவில் ஒக்டோபர் 31, ஹலோவீன் அன்று பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவார்கள். முன்விளக்கு எரியும் வீட்டுக் கதவை மட்டுமே தட்டுவது வழக்கம். வாசலில் வாங்குவார்கள், உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது. கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, தாய்தகப்பன் பார்த்த பிறகே சாப்பிடுவார்கள். நீலப்பச்சைப் பூசணி வைத்த வீட்டில், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கென்று சாப்பாடல்லாத சிறு பொருள்கள் கிடைக்கும். கண்ணை மறைக்கும் முகமூடியை விட முகத்தில் சாயம் பூசுவது நல்லது என்று பாடசாலையிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இணுவில் தாய்:
எல்லோருக்கும் நன்றி. மாமா சொன்னது நல்ல வழி. படலையில் விளக்கு வைக்கும் வீடுகளுக்கு மட்டும் போவதாக ஒழுங்கை முழுவதும் சொல்லிவிடலாம். மகனின் தகப்பனும் அடுத்த வீட்டு அண்ணாவும் துணைக்குப் போகிறார்கள். ஒன்று கேட்கவேண்டும்: தெரிந்த வீடுதானே, உள்ளே வந்து தேநீர் குடி என்று கூப்பிட்டால்?

சேமக்கலம்:
தெரிந்த வீடானாலும் தேநீர் படலையடியில்தான், எல்லோருக்கும் ஒன்றாக. ஒரு பிள்ளையைத் தனியே உள்ளே கூப்பிட விடாதீர்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிள்ளை ஏதாவது மனக்குறை சொன்னால் முதலில் நம்புங்கள். சிறுவர் உதவி இலக்கம் 1929. வீடுகளில் கொடுத்துச் சேரும் காசைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்கட்டும்.

அந்த ஒளிதெறிக்கும் பட்டியைச் சைக்கிள் கடையில் கேட்டுப் பாருங்கள். சங்கு ஊதுகிறவனுக்கு நெஞ்சிலும் ஒன்று தையுங்கள், அவன்தான் முன்னுக்கு நடப்பான்.