புதுப்பிப்பு: கையால் எழுதும் கடைப் பலகைக்கு என்ன விலை?

பினாங்கில் கையால் எழுதும் பெயர்ப்பலகைக்கு எப்படி விலை சொல்வது, வேலையை எங்கே தேடுவது என்று மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். எழுத்துக் கணக்கை விட்டு நாள் கணக்குக்கு மாறச் சொன்னீர்கள். மாறிவிட்டேன், நன்றி.

எழுத்துக்கு இவ்வளவு என்பது தமிழுக்கு ஒத்தே வராது. 'பொ' ஓர் எழுத்துதான், ஆனால் தூரிகைக்கு அது மூன்று வடிவம். 'ஸ்ரீ' ஒன்றுக்கே அரை மணி நேரம் போகும். இப்போது வரைவு, பலகையைத் தேய்த்து அடிச்சாயம் பூசுவது, எழுதுவது, மாட்டுவது எல்லாம் சேர்த்து நாளுக்கு 350 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பொருள் செலவு தனி. எழுத்தின் மேல் ஒட்டும் மெல்லிய தங்கத் தாளான தங்க ரேக்கு, 25 தாள் கொண்ட புத்தகமாக வரும். எத்தனை புத்தகம் தேவை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாதி முன்பணம் வராமல் வரைவைக் கையில் கொடுப்பதில்லை. ஒரு கடைக்காரர் என் வரைவை வாங்கிப் போய் பிளாஸ்டிக் பலகையில் அச்சடித்துக்கொண்டார். இன்னும் வலிக்கிறது.

அப்புறம், மாநகர் மன்ற உரிமம். பலகையில் மலாய் முதன்மையாக இருக்க வேண்டும், அதனால் ஒப்புதல் கிடைத்த பிறகே தூரிகையைத் தொடுகிறேன்.

வாடிக்கையாளர்? லெபோ பாசார் தெருவில் ஒரு மளிகைக் கடை வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு நாள் எழுதினேன். நின்று பார்த்தவர்களில் ஒரு பூக்கடை அக்கா அங்கேயே முன்பணம் கொடுத்தார். திங்கட்கிழமை அவர் பலகையைத் தொடங்குகிறேன்.